விரத நாளில் ஒரு மீன்குழம்புச் சோதனை

ஆய்வகத்து இளையவர்களே, முக்கோணச் சோதனையை உங்களுக்குக் கற்றுத்தருவதற்காக நான் இதை எழுதவில்லை. அது உங்களுக்குத் தெரியும். சுவைத்துப் பார்க்க மூன்று கிண்ணங்கள் வைக்கிறோம். அவற்றில் இரண்டு ஒன்றே, ஒன்று மட்டும் வேறு. எது வேறு என்று கேட்கிறோம். தெரியாவிட்டாலும் ஊகித்தாவது ஒன்றைக் காட்டச் சொல்கிறோம். எவருக்குமே எதுவும் புலப்படாவிட்டாலும், ஊகத்தினாலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சரியாகக் காட்டிவிடுவார்கள். அதற்கு மேல் எத்தனை பேர் என்பதுதான் நம் கணக்கு. கணக்கை இப்போது மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துத் தருகிறது. அதன் பிறகு நாம் செய்ய வேண்டியதைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, ஈப்போவில் நம் ஆய்வகத்திலேயே நடந்தது.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், வரிசை வீடுகள் முடிந்து சுண்ணாம்புக் குன்று தொடங்கும் இடத்தில், மீன்குழம்பு விழுது தயாரிக்கும் சிறு தொழிற்சாலை ஒன்று இருந்தது. உரிமையாளர் பரமசிவம். அவருடைய விழுதைப் பேராக் மாநிலத்தில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் வாங்குகின்றன என்று அவர் சொல்வார். பாதியோ இல்லையோ, என் வீட்டு அலமாரியிலும் அது இருந்தது. மருத்துவமனைகளுக்குச் சமைத்து வழங்கும் நிறுவனமொன்று அவரிடம் உப்புக் குறைந்த விழுது கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை: பழைய சுவை மாறக்கூடாது. பரமசிவத்துக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. இரண்டு வகை விழுதைத் தனித்தனியாகக் கிண்ட அவரிடம் இடமில்லை. புதிய கலவை தேறினால் கடைகளுக்குப் போவதும் அதுவாகத்தான் இருக்கும். ஆகவே சுவை மாறினால் மருத்துவமனை வாய்ப்பு மட்டுமன்று, பழைய வாடிக்கையாளர்களும் கையை விட்டுப் போவார்கள்.

அந்தக் கலவையை உருவாக்கியவள் தவமலர். தெற்கே சுங்காய்ப் பக்கம், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ப்பனையாகிவிட்ட ஊரில் பிறந்தவள். உணவு அறிவியல் படித்துவிட்டு ஒப்பந்த வேலையில் அந்தத் தொழிற்சாலைக்கு வந்தவள். திட்டம் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் திட்டத்தோடு ஒப்பந்தமும் முடிந்துவிடும். இதை அவளே முதல் நாள் என்னிடம் சொன்னாள். அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரு விவரமாகச் சொன்னாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சோதனையைத் தைப்பூசத்துக்குப் பிறகு வைப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. மருத்துவமனை நிறுவனம் கடைசித் தேதியை முன்னால் இழுத்துவிட்டதால் நாங்களும் முன்னால் இழுத்தோம். சுவைக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த விழுதை வழக்கமாக வாங்கும் பெண்கள். கணிசமானோர் சுங்காயிலிருந்து வேனில் வருபவர்கள். எல்லோருக்கும் தொலைபேசியில் தேதி மாறியதைச் சொன்னோம். எல்லோருமே, “வாரோம் மேடம், கண்டிப்பா வாரோம்” என்றார்கள். சளி இருக்கிறதா, ஒவ்வாமை உண்டா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்ற வழக்கமான கேள்விகளையும் கேட்டு முடித்தோம்.

அந்த வேன் வந்து நின்றால் வழக்கமாகச் சத்தம் மாடிவரைக்கும் கேட்கும். அன்று அமைதியாக இறங்கினார்கள். நெற்றிகளில் திருநீறு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே உட்கார்ந்து சுவைக்கும் தடுப்புகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். குழம்பின் நிறம் பதிலைக் காட்டிக்கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக நாம் போடும் சிவப்பு விளக்கில் எல்லார் முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிண்ணங்கள் போயின, விடைத்தாள்கள் வந்தன. ஒரு சிறு குழப்பமும் இல்லாமல் காலைப் பொழுதுக்குள் சோதனை முடிந்தது.

எண்களைப் பதிந்தேன். சரியாகக் காட்டியவர்கள், வெறும் ஊகத்தில் எவ்வளவு வருமோ அதற்கு மிக அருகில் இருந்தார்கள். வேறுபாடு இருப்பதற்கான சான்று இல்லை.

என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த தவமலருக்குத் திரையைப் படிக்கத் தெரியும்.

“அக்கா, பாஸா?”

“நான் இன்னும் எழுதலை.”

“எழுதுங்க, நான் ஒண்ணும் அவசரப்படுத்தல” என்று சொல்லிக்கொண்டே வெளியே போய்ப் பரமசிவத்தை அழைத்தாள். கதவு மூடுவதற்குள், “அண்ணே, சொன்னேன்ல” என்ற குரல் கேட்டது. அந்தக் குரலில் இருந்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

முடிவு கையில் வந்ததும் சோதனை நடந்த அறைக்குத் திரும்பிப் போய்ச் சிறிது நேரம் நிற்பது என் வழக்கம். அதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எண்கள் ஓர் இடத்திலிருந்து வருகின்றன. அந்த இடத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத்து ஒழுங்காக வரும். சிவப்பு விளக்கை அணைத்து வெள்ளை விளக்கைப் போட்டேன். கிண்ணங்கள் இன்னும் அகற்றப்படவில்லை. முதல் தடுப்பில் மூன்றும் ஏறத்தாழக் காலி. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது தடுப்பில் மூன்று கிண்ணங்களும் நிறைந்திருந்தன. மேலே எண்ணெய்ப் படலம் கலையவே இல்லை. பக்கத்தில் வைத்த சோறு வைத்தது வைத்தபடி. கரண்டியில் ஈரம்கூட இல்லை. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

சுங்காய்ப் பெண்கள் உட்கார்ந்த வரிசை அது.

நான் கீழே இறங்கியபோது அவர்கள் வேனில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு வகையில் தலைவி, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் சரோஜா. அவரிடம் போனேன்.

“சரோஜாக்கா, சமையல்ல ஏதும் குறையா? கிண்ணம் அப்படியே இருக்கே.”

அவர் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் வேன் சக்கரத்தைப் பார்த்தார்கள்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். விரதம். பூசத்துக்கு மாலை போட்டிருக்கோம். கவுச்சி தொடக்கூடாதில்ல.”

“அப்ப பதில் எப்படிப் போட்டீங்க?”

“மோந்து பாத்துப் போட்டோம்.”

உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு பெண், “மோந்து பாத்ததுக்கே நான் முருகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்” என்றார். “நீ மூணு தடவ மோந்தியே, மூணு தடவ கேட்டியா?” என்றார் பக்கத்தில் இருந்தவர். வேன் முழுவதும் அடக்கிச் சிரித்தது.

“வரமுடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா.”

“எப்படி மேடம் சொல்றது?” சரோஜாவின் குரல் மாறியது. “ஆள் கொறஞ்சா டெஸ்ட்டு செல்லாதுன்னு தவமலரோட அம்மா சொன்னாங்க. நம்ம பிள்ள செஞ்ச சாமான். நாங்க வராம நாற்காலி காலியாக் கெடந்தா அதுக்குத்தானே நட்டம்? அதான் வந்து உக்காந்தோம்லா.”

நான் அவர்களுக்கு நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது? வாக்குக் கொடுத்ததற்காகவும், ஊர்ப் பெண்ணுக்காகவும், அத்தனை தூரம் விரதத்தோடு வந்து, மீன் வாசனைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் செய்ததில் வஞ்சகம் துளியும் இல்லை. அன்பு மட்டுமே இருந்தது. அந்த அன்புதான் என் மேசைமேல் ஒரு தெளிவான, அழகான, பொருளற்ற எண்ணாக வந்து உட்கார்ந்திருந்தது.

மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் வலை காலியாக வந்தால், ஆற்றில் மீனே இல்லை என்று எந்த மீனவரும் சொல்வதில்லை. முதலில் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். நம் தொழிலில் அந்த இயல்பான சந்தேகம் நமக்கு எளிதில் வருவதில்லை. வேறுபாடு புலப்படவில்லை என்று கணக்கு சொன்னதும், வேறுபாடு இல்லை என்று எழுதக் கை பரபரக்கிறது. அதுவும் அதைக் கேட்க எல்லோரும் காத்திருக்கும்போது.

நான் மேலே வந்து தவமலரிடம் சொன்னேன். முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நாமதானே அக்கா தெரியாட்டி ஊகிச்சுப் போடுங்கன்னு சொல்றோம்? ஊகிச்சுப் போட்டாங்க. இதுல என்ன தப்பு?”

“நாக்கில வைச்சுப் பார்த்திட்டு ஊகிக்கிறவர் நமக்கு ஒண்ணு சொல்றார், தவமலர். ‘எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை’ன்னு. வைக்காமலே ஊகிக்கிறவர் எதுவுமே சொல்லலை. கணக்குக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத் தெரியும். நமக்கு அப்படித் தெரியக்கூடாது.”

“அப்படின்னா அவங்களத் தள்ளிட்டு மத்தவங்கள மட்டும் எண்ணுங்க.”

அது நியாயமான யோசனை. நானும் அதை எண்ணிப் பார்த்திருந்தேன். உண்மையில் சுவைத்ததாகத் தோன்றியவர்களில் சரியாகக் காட்டியவர்கள் கூடுதலாகத்தான் இருந்தார்கள். ஆனால் யார் சுவைத்தார், யார் கொஞ்சம் நக்கிப் பார்த்தார், யார் தொடவே இல்லை என்பதைக் கிண்ணத்தின் மட்டத்தை வைத்து நான்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதையும் முடிவைப் பார்த்த பிறகு. எஞ்சியவர்களோ மிகச் சிலர். முடிவு தெரிந்த பின் ஆட்களைப் பொறுக்கத் தொடங்கினால், சேர்த்தால் ஒரு விடை, தள்ளினால் இன்னொரு விடை என்று நமக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். ‘மாறவில்லை’ என்று எழுத எனக்கு எவ்வளவு உரிமை இல்லையோ, ‘மாறிவிட்டது’ என்று எழுதவும் அவ்வளவே உரிமை இல்லை. அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை. அறிக்கையில் எழுதக்கூடிய உண்மை அது ஒன்றுதான்.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் விடைத்தாள்களை அடுக்கி ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு சொன்னாள்: “உங்களுக்கு என்னக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல பென்சன். ரிப்போர்ட்ட சுத்தமா எழுதிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் எங்க போறது?”

அவள் சொன்னதில் பிழை இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்கு நேர்மை மலிவாகக் கிடைக்கிறது. இழக்கப்போகிறவரிடம் அதை எடுத்துச் சொல்லும்போது குரலை உயர்த்தாமலாவது சொல்ல வேண்டும். இளையவர்களே, ஒரு முடிவை மறுக்க வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். அதனால் யாருடைய சோறு போகும் என்று தெரிந்துகொண்டே மறுங்கள். தெரியாமல் மறுப்பது எளிது. அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

“சரி, உண்மையச் சொல்லுங்க” என்றாள் அவள். “உங்க நாக்குக்கு வித்தியாசம் தெரியுதா?”

“எது எந்தக் கிண்ணம்னு காலையிலேயே எனக்குத் தெரியும். என் நாக்கு சாட்சிக்கு உதவாது.”

“எனக்குத் தெரியாதுல்ல?”

அவள் தடுப்பில் போய் உட்கார்ந்தாள். நான் கிண்ணங்களை மாற்றி மாற்றி வைத்துக் கொடுத்தேன். ஒருமுறை சரியாகக் காட்டினால் அது ஊகமாக இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியுமாதலால் மீண்டும் மீண்டும் கேட்டாள். சிவப்பு வெளிச்சத்தில், ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் தண்ணீர் கொப்பளித்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கலவை தோற்க வேண்டும் என்று யார்தான் விரும்புவார்? ஆனாலும் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ள முயலவில்லை. ஒருமுறைகூடத் தவறாகக் காட்டவில்லை.

“கடைசில ஏதோ ஒண்ணு நிக்குது அக்கா” என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. “என்னன்னு சொல்லத் தெரியல. செஞ்சவளுக்குத்தான் இது தெரியுதோ என்னமோ.” பிறகு எழுந்தாள். “அண்ணன்கிட்ட நீங்க சொல்ல வேணாம். நானே சொல்றேன்.”

தொலைபேசியில் பாதி கேட்டதுமே பரமசிவம் நேரில் வந்துவிட்டார். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே அறைக்குள் நுழைந்தார்.

“ஏம்மா, காலைல பாஸ்னு சொன்ன. மத்தியானம் இல்லைங்கிற. நான் கேட்டரிங்காரனுக்கு என்னன்னு சொல்றது?”

“பாஸ்னு சொன்னது நான் அவசரப்பட்டதுண்ணே. மேடம் அப்படிச் சொல்லல.”

அவர் என் பக்கம் திரும்பினார். “மேடம், மோந்து பாத்தாங்க, வித்தியாசம் தெரியல. அது நல்ல விஷயம்தானே? ரிசல்ட்டு வந்திருச்சு. ஏன் கெளறுறீங்க? சும்மா சிக்கலாக்கிச் சூசா பண்ணாதீங்கலா.”

நான் வாயைத் திறப்பதற்குள் தவமலர் சொன்னாள்: “மோந்து பாத்து ஒரு தடவ வாங்குவாங்கண்ணே. ரெண்டாவது தடவ சாப்பிட்டுப் பாத்துத்தான் வாங்குவாங்க.”

பரமசிவம் அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார். அவர் கோபக்காரர், ஆனால் வியாபாரி. அந்த வாக்கியத்தை அவர் மனம் எடைபோடுவது முகத்தில் தெரிந்தது.

“நீ வேலையக் காப்பாத்திக்கப் பாக்குறியா, கெடுத்துக்கப் பாக்குறியா?”

“தெரியலண்ணே.”

“பூசம் முடியட்டும்” என்றார் அவர், தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துக்கொண்டே. “திருப்பி வைங்க. அதுவரைக்கும் உன் கான்ட்ராக்ட்ட நான் தொடல. அப்பவும் சரியா வரலைன்னா, நான் வாயத் தொறந்து சொல்லவேண்டியதில்ல.”

அந்தச் சுற்றில் மருத்துவமனை வாய்ப்பு வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த சுற்றுக்கு வாருங்கள் என்று கேட்டரிங் நிறுவனம் சொன்னது. இது உண்மையான நட்டம். கதைக்காக அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. சரியான முடிவு எடுத்தால் உடனே நன்மை விளையும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பல வாரங்கள் அந்தத் தொழிற்சாலையில் யாரும் தவமலரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

காவடிகள் இறங்கி, விரதங்கள் முடிந்த பிறகு மறுசோதனைக்குத் தேதி பார்த்தோம். இம்முறை ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒரு கேள்வி கேட்டோம்: வாரத்தில் எந்த நாளெல்லாம் வீட்டில் மீன் சமைப்பீர்கள்? வெள்ளி எல்லோருக்கும் போயிற்று. செவ்வாய் பலருக்கு முருகனுக்காகப் போயிற்று. திங்கள் சிவனுக்கு, வியாழன் குருவுக்கு, சனி பெருமாளுக்கு. கடைசியில் மீனுக்கு எஞ்சியது புதனும் ஞாயிறும். எத்தனையோ ஆண்டுகளாக அதே பெண்களைச் சுவைக்க அழைத்த ஆய்வகம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. இப்போது நீங்கள் நிரப்பும் முன்விவரப் பட்டியலில் அது இருக்கிறது. அதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணித் தாண்டிப் போகாதீர்கள். இன்னொன்றும் சேர்த்தோம். வருகிறவரிடம் முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறோம்: உங்கள் நாற்காலி காலியாக இருந்தால் எங்களுக்கு வருத்தமில்லை, சுவைக்காமல் உட்கார்ந்தால்தான் கஷ்டம்.

ஒரு புதன்கிழமை வேன் வந்தது. சத்தம் மாடிவரைக்கும் கேட்டது.

“இன்னிக்கு சட்டியோட குடுங்க மேடம்” என்றார் சரோஜா. “கிண்ணமெல்லாம் எங்களுக்குப் பத்தாது.”

கிண்ணங்கள் வழித்த மாதிரி திரும்பின. எண்களைப் பதிந்தேன். இம்முறை சந்தேகத்துக்கே இடமில்லை. ஊகத்தில் வரக்கூடியதைவிட மிகப் பலர் சரியாகக் காட்டியிருந்தார்கள். சுவை மாறித்தான் இருந்தது.

தவமலர் திரையைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்லக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வேலை கொடுக்கலாம் என்று தோன்றியது. சரியாகக் காட்டியவர்களிடம் மட்டும், எது வேறு என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டு வாங்கியிருந்த குறிப்புகளை அவளிடம் தள்ளினேன். “வாசிங்க. நான் எழுதிக்கிறேன்.”

அவள் வாசிக்கத் தொடங்கினாள். குரலில் உயிரில்லை. “லேசாக் கசக்குது. பின்னால கசப்பு. நாக்குல ஏதோ ஒட்டுது. கசப்பு. கஷாயம் மாதிரி.” நின்றாள். மீண்டும் முதலிலிருந்து வேகமாகப் புரட்டினாள்.

“அக்கா, உப்புக் கம்மின்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே.”

“இல்லை.”

“ஒருத்தர்கூட.” அவள் எழுந்து நின்றுவிட்டாள். “வெந்தயம். உப்ப நான் அளவாத்தான் கொறச்சிருக்கேன். அது தெரியவே இல்ல. ஆனா இவ்வளவு நாளும் அந்த உப்புத்தான் வெந்தயத்தோட கசப்ப அமுக்கி வெச்சிருக்கு. உப்பக் கொறச்சதும் அது வாயத் தொறந்துருச்சு.”

உப்பு கசப்பை மறைக்கும் என்பது பாடநூலில் உள்ள செய்திதான். அவளும் படித்திருந்தாள், நானும் படித்திருந்தேன். படித்தது வேறு, அது தன் சட்டியில் நடந்துகொண்டிருக்கிறது என்று காண்பது வேறு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கசப்பு மூக்குக்குத் தெரியாது. மோந்து பார்த்த பெண்கள் எத்தனை முறை மோந்திருந்தாலும் அது அவர்களுக்குச் சிக்கியிருக்காது. முதல் சோதனையை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தக் கசப்பு லாரியேறி, கடைகடையாக இறங்கி, ஏன் என்று எவருக்கும் தெரியாமலே பரமசிவத்தின் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அனுப்பிவைத்திருக்கும்.

காரணம் கிடைத்துவிட்டதால் பரமசிவம் ஒப்பந்தத்தில் கைவைக்காமல் இன்னொரு தவணை கொடுத்தார். தவமலர் வெந்தயத்தைக் குறைத்தாள், அதை வறுக்கும் பதத்தையும் மாற்றினாள். தொழிற்சாலையில் எத்தனை சட்டி கிண்டினாள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த சோதனைக்கு முன் நான் பரமசிவத்தை வரச்சொன்னேன். ‘மாறவில்லை’ என்று காட்ட விரும்புகிறவர் எவ்வளவு மாற்றத்தைத் தாங்குவார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு சொன்னால் அது பேரம்.

“எத்தனை பேர் கண்டுபிடிச்சால் உங்களுக்குப் பரவாயில்லை?”

“ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாது.”

“அப்படின்னா ஊரில இருக்கிற அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சோறு போடணும். ஒரு எல்லை சொல்லுங்க.”

அவர் யோசித்தார். “பத்துப் பேருக்கு ஒருத்தர் மொணங்குவார், ஆனா வாங்கிட்டுப் போயிருவார். அது எப்பவும் உள்ளதுதான். ரெண்டு பேர் மொணங்குனா கடைக்காரன் எனக்குப் போன் அடிப்பான்.” பிறகு சிரித்தார். “ரெண்டுக்குக் கீழ வைங்க மேடம்.”

எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாக ஓர் எல்லையைச் சொல்லி நான் படித்ததில்லை. அவர் சொன்னதையே எல்லையாக எழுதிக்கொண்டேன். வேறுபாடு இல்லை என்று நாமே தவறாக நம்பிவிடும் ஆபத்தைக் குறைக்க நிறையப் பேர் வேண்டும். ஆகவே சுங்காயோடு ஈப்போப் பெண்களையும் கூடுதலாகச் சேர்த்து, புதன் ஒன்று, ஞாயிறு ஒன்று எனப் பிரித்து நடத்தினோம். இரண்டு நாளும் விளக்கை மாற்றிப் போட்டு ஒவ்வொரு தடுப்பையும் பார்த்த பிறகே கணினியைத் திறந்தேன்.

தவமலர் இம்முறை என் பின்னால் நிற்கவில்லை. சன்னலோரம் நின்றாள். நான் இருமுறை சரிபார்த்தேன்.

“எல்லைக்குள்ளதான் இருக்கு” என்றேன்.

“அப்ப வித்தியாசம் இல்லைன்னு சொல்லலாமா அக்கா?”

“அப்படிச் சொல்ல முடியாது. இருந்தாலும் அவர் கேட்ட எல்லையைவிடச் சின்னதுன்னு சொல்லலாம். அதை நம்பிச் சொல்லலாம்.”

அவள் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பரமசிவத்தை அழைத்தாள். நான் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, இம்முறை வெளியே போகவில்லை.

“அண்ணே, ரிசல்ட்டு வந்திருச்சு. வித்தியாசமே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். சில பேருக்குத் தெரியலாம். ஆனா நீங்க சொன்ன கணக்குக்குக் கீழதான் வரும். அது வரைக்கும் உறுதியாச் சொல்வேன்.”

மறுமுனையில் பரமசிவத்தின் குரல் எனக்கே கேட்டது. “இவ்வளவு நீட்டிப் பேசாத. லேபிளுக்கு ஆர்டர் குடுக்கலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு.”

“குடுங்கண்ணே.”

“நான் ஏன் குடுக்கணும்? நீயே குடு. இனிமே இதெல்லாம் ஒன் வேலதானே.”

அவள் போனை மேசைமேல் வைத்தாள். பிறகு, காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு, சமையல் மேசையில் எஞ்சியிருந்த சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.